பங்கு போட்ட மாத்திரைகள்

வெள்ளிமலை
21.4.2006

தம்பி கலையரசனுக்கு,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு டெல்லிக்கு ரயிலேறினவன் நீ. நான் எதற்கு இறங்கி வர வேண்டும்? இப்போதும் சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு கேஸ் இருக்கிறது. உன் படிப்பில் வருகிற கேஸ், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திருப்பி வாங்கவில்லை. வடக்கனந்தல் காலனியிலிருந்து வந்த முதல் டாக்டர் நீ. அப்பா கரும்பு வெட்டி, அம்மா பேரூராட்சித் தெருவைக் கூட்டிப் படிக்க வைத்த டாக்டர். மேல்படிப்புக்குப் பிரசவம் எடுப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மலையில் நான் கிராமத்து நர்ஸாக வந்ததிலிருந்து எத்தனை பேரைத் தூளி கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன மழைக்கு ஒருத்தி பாதி மலை இறங்குவதற்குள் எங்கள் தோளிலேயே போனாள். அதைக் கேட்ட பிறகும் நீ தோல் எடுத்தாய். சரி, குஷ்டம் பார்க்கப் போகிறானோ என்று பார்த்தால், 'பருவும் பருத் தழும்பும், காஸ்மெட்டாலஜி' என்றாய். பணக்கார வீட்டுப் பெண்களின் கன்னத்தைத் தடவவா அம்மா விளக்குமாறு பிடித்தாள் என்று கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

இனி கேஸ். பெயர் கமலா. எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு மேலே இருக்கும் ஊர். ராசு என்பவரின் மகள், மலையாளி என்கிற மலைச் சாதி, எஸ்.டி. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைக்கும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். கிடைத்தால் அந்த ஊரிலிருந்து முதல் ஆள் அவள்தான். ஆனால் வந்த நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு கன்னமும் தாடையும் கட்டி கட்டியாக வீங்கிக் கிடக்கின்றன. ஊரில் ஒட்டுநோய் என்று பேச்சு. ராசுவிடம் பேசப் போனேன். 'இந்த மூஞ்சிய வச்சிக்கினு ஊசி போடப் போனா நோயாளி எயிந்து ஓடிப்பூடுவான் நர்சம்மா. வூட்டோட கெடக்கட்டும்' என்கிறார். அவளும் தலையாட்டுகிறாள். விண்ணப்பமே போட மாட்டேன் என்கிறாள்.

என்ன கொடுக்கலாம் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அம்சவள்ளி


டெல்லி
29.4.2006

அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொன்னால் நான் எழுதாமல் இருந்ததுண்டா?

'பருவால் எவளாவது செத்தாளா' என்று பொங்கலன்று கேட்டாய். இப்போது நீயே, பருவால் ஒருத்தி வேலைக்கும் படிப்புக்கும் வேண்டாதவளாகிக் கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை. கேள்வியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்.

ஏன் தோல் எடுத்தேன் என்று நீ கேட்டதே இல்லை, நேராகத் திட்டத்தான் செய்தாய். நாங்கள் படிக்கிற புத்தகத்தில் பருவென்றால் ரோஜா நிறக் கன்னத்தில் சிவப்புப் புள்ளி. நம் கன்னத்தில் அது சிவக்காது, கறுக்கும். பரு போன பிறகும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய அளவில் அமிலத்தையும் லேசரையும் வைத்தால் நம் தோல் வெந்துபோகும். இங்கே பெரிய கிளினிக்குகளில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, கறுத்தவர்களைச் சுட்டு அனுப்புகிறார்கள். இன்னொன்று, 'உங்கள் தோலுக்குச் சரிவராது' என்று தொடாமலே அனுப்புகிறார்கள். இந்தத் தோலைப் படிக்க இந்தத் தோல்காரன் ஒருவன் வேண்டாமா? நான் அதற்குத்தான் வந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை.

கமலாவைக் கன்னத்தில் தொட்டுப் பார். சும்மா பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கட்டி தோலுக்கு மேலே நிற்கிறதா, ஆழத்தில் உருளுகிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடி. இழுத்தால் குழி மறைகிறதா, ஆணி குத்தினது போல அப்படியே நிற்கிறதா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, மீசை தாடி போல முடி இருக்கிறதா, கேள்.

முக்கியமான கேள்வி ஒன்று. என்ன பூசினாய் என்று கேட்டால் எந்தப் பெண்ணும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். 'எது போட்டப்ப நல்லா இருந்தது' என்று கேள். உடனே எடுத்துக் காட்டுவாள்.

ஒட்டுநோய் இல்லை என்று ராசுவிடம் சொல். அவர் எதிரில் அவள் கன்னத்தைக் கையுறை போடாமல் தொடு.

கலை


வெள்ளிமலை
10.5.2006

தம்பிக்கு,

தேர்தல் வேலை முடிந்த கையோடு எழுதுகிறேன். நீ சொன்னபடியே கேட்டேன், சொன்னபடியே காட்டினாள். கம்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு டியூப் வெளியே வந்தது. 'இதான் நர்சக்கா. போட்ட மூணாம் நாளே பளபளன்னு ஆயிடுச்சி.' விடுதியில் கூடப் படித்த பெண்கள் அவளைக் 'கருங்கல்லு' என்றுதான் கூப்பிடுவார்களாம். இவள் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரன், 'வெள்ளையாவணுமா, பரு போவணுமா? ரெண்டுத்துக்கும் இது ஒண்ணே போதும்' என்று கொடுத்திருக்கிறான். சீட்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளியிலிருந்து காலையும் ராத்திரியும் பூசியிருக்கிறாள். ஒரு நாள் விட்டாலும் முகம் எரிகிறதாம், அதனால் விடவே முடியவில்லையாம். டியூப்பின் மேல் இருந்த பெயரை அப்படியே எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

கட்டி ஆழத்தில் இருக்கிறது, அழுத்தினால் துள்ளுகிறாள். குழிகள் சில இழுத்தால் மறைகின்றன, சில மறையவில்லை. தாடையில் ஒரு இடத்தில் அவள் அம்மா சுண்ணாம்பு வைத்துச் சுட்ட வடு. மாதவிலக்கு சரியாக வருகிறது, முடி இல்லை.

ராசு எதிரில் கையுறை இல்லாமல் தொட்டேன். 'கைய கழுவிக்க நர்சம்மா' என்று சொம்பை நீட்டினார். நான் கழுவவில்லை. அந்தக் கையாலேயே அவர் வீட்டுக் களியை உருட்டிச் சாப்பிட்டேன்.

அம்சவள்ளி


டெல்லி
19.5.2006

அக்கா,

அந்த டியூப்பில் இருப்பது ஸ்டீராய்டு. வெளுக்க வைக்கும், வீக்கத்தை அமுக்கும், அடியில் தோலை மெலியவைத்துப் பருவை வளர்க்கும். கமலாவுக்குப் பாதிப் பரு வயசால் வந்தது, பாதி அந்தக் கடைக்காரன் விற்றது. கருங்கல் என்று சொன்ன வாய்க்கும் அதில் பங்கு உண்டு.

கிரீமை நிறுத்த வேண்டும். அதற்கு முன் அவளிடமும் ராசுவிடமும் ஒன்றைச் சொல்லிவிடு: நிறுத்தினதும் முகம் இப்போது இருப்பதைவிட மோசமாகப் பொங்கும். அது மருந்தின் குற்றமில்லை, கிரீமை விட்டதால் தோலுக்கு வருகிற கோபம். உங்கள் டாக்டர் மலைக்கு வருகிற நாளில் அவளைக் காட்டு, என் கடிதத்தையும் காட்டு. அவர் சம்மதித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை, தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, விழுங்கினதும் படுக்கக் கூடாது. பூசுவதற்கு ஒரு மருந்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி மட்டும், மெல்லிசாக. துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும், பழைய துணியைத் தலைக்கு வைத்துக்கொள்ளச் சொல். காட்டு வேலைக்குப் போனால் வெயில் படாமல் துண்டு. எலுமிச்சம்பழம், சுண்ணாம்பு, கிள்ளுவது, மூன்றும் கூடாது. பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். இதைவிடப் பலமான மாத்திரை ஒன்று உண்டு. கர்ப்பத்தில் பட்டால் குழந்தையைக் குலைக்கும். நான் கண்ணால் பார்க்காத நோயாளிக்கு அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

இங்கே நடப்பது பேப்பரில் வந்திருக்கும். பிற்பட்ட சாதிகளுக்கு மத்தியக் கல்லூரிகளில் இடம் என்று அறிவித்ததும் என்னோடு படிக்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவைக் கூட்டுகிறார்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் டாக்டரானால் அவர்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சுமாம். அந்த வேலை இவ்வளவு நாளாக யாருக்கு மிஞ்சியிருந்தது என்று எவனும் கேட்கவில்லை. விளக்குமாற்றைப் பேனா மாதிரி பிடித்திருந்தான் ஒருத்தன், குப்பை அவன் காலுக்கே வந்தது. அம்மா பார்த்திருந்தால், 'டேய், நவுருடா அப்பால' என்று பிடுங்கியிருப்பாள்.

நான் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. தோல் பிரிவில் பேராசிரியரும் நானும்தான் உட்கார்ந்திருக்கிறோம். வரிசை கேட்டுக்கு வெளியே வரை நிற்கிறது. எவனும் என் மார்க்கைக் கேட்கவில்லை, சாதியையும் கேட்கவில்லை. அரிக்கிறது, பாருங்கள் என்கிறான். பார்க்கிறேன்.

கலை


வெள்ளிமலை
16.6.2006

தம்பிக்கு,

உன் மருந்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

பொங்கும் என்று நீ எழுதினாய், நானும் சொல்லி வைத்தேன், டாக்டரும் சம்மதித்தார். ஆனால் இப்படிப் பொங்கும் என்று யாருக்குத் தெரியும்? முகம் முழுக்கச் சீழ். கண் திறக்க முடியவில்லை. நடுவில் ரிசல்ட் வந்தது. பள்ளியிலிருந்து ஆள் மலையேறி வந்து சொல்லிவிட்டுப் போனார், எங்கள் மலைப் பிள்ளைகளில் அவளுக்குத்தான் மார்க் அதிகம் என்று. சந்தோஷப்பட ஒரு ஆள் வெளியே வரவில்லை. ராசு நிலையத்து வாசலில் நின்று கத்தினார். 'உன் தம்பி டெல்லில கத்துக்க எம் பொண்ணு மூஞ்சிதான் கெடச்சுதா? இன்னா மருந்து அது? கிரீம் போட்டுக்கினு இருந்தப்ப கொஞ்சமாச்சும் பாக்கற மாதிரி இருந்துச்சி.' பதினாலு வருஷத்தில் இந்த மலையில் என்னை ஒருத்தரும் ஏக வசனத்தில் பேசினதில்லை.

பூசுகிற மருந்தையும் மாத்திரையையும் ஒழுங்காக எடுக்கிறேன் என்கிறாள். பத்து நாள் முன்பு சீழ் கொஞ்சம் வற்றியது, மறுபடி ஏறிவிட்டது. ஜூலையில் விண்ணப்பம் போட வேண்டும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நீ படித்த படிப்புக்கு இதுதான் பலன் என்றால் அங்கேயே இருந்துகொள்.

அம்சவள்ளி


டெல்லி
24.6.2006

அக்கா,

மருந்து சரி. அளவு சரி. வற்றிவிட்டு மறுபடி ஏறியது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் மாத்திரை நடுவில் நின்றிருக்கிறது. வயிற்றுக்குள் போகாத மாத்திரைக்கு நான் பொறுப்பில்லை. ராசுவோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு மாத்திரை எங்கே போகிறது என்று பார்.

இங்கே நடந்ததையும் கேள். இந்த மாதத் தொடக்கத்தில் என் சீனியர் ஒருவன் மேசைக்கு வந்தான். போன மாதம் விளக்குமாற்றோடு டிவியில் வந்தவன். கூடத் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தான். நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறார்கள், முகம் முழுக்க அதே ஸ்டீராய்டு பரு. 'நீ இதை நல்லாப் பார்க்கிறாய் என்று சார் சொன்னார்' என்றான், என் கண்ணைப் பார்க்காமல். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்தப் பெண் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துப் பிடித்திருந்தாள். விளக்கைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். கமலாவுக்கு எழுதிக் கொடுத்ததையே அவளுக்கும் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒழுங்காக எடுக்கிறாள், முதலில் பொங்கிவிட்டு இப்போது இறங்கிக்கொண்டு வருகிறது.

அதனால்தான் சொல்கிறேன். மாத்திரை எங்கே போகிறது?

கலை


வெள்ளிமலை
5.7.2006

கலை,

கண்டுபிடித்துவிட்டேன். திட்டாமல் படி.

நேராகக் கமலாவிடம் போய் உட்கார்ந்தேன். மாத்திரையை எடு என்றேன். அட்டை காலி. புது அட்டை கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எங்கே என்றேன். முதலில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், 'பங்கு குடுத்துட்டேன் நர்சக்கா' என்றாள்.

இந்த மலையில் பன்றி அடித்தாலும் தேன் எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு பங்கு போக வேண்டும், அது உனக்குத் தெரியும். இவள் மாத்திரையைப் பங்கு போட்டிருக்கிறாள்! மாமன் மகள், பக்கத்து வீட்டுக்காரி, போன தையில் கல்யாணமாகி வாழ வந்த ஒருத்தி, இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் பரு. ஆளுக்குக் கொஞ்சம். பூசுகிற மருந்தை வெற்றிலையில் தடவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், 'அறிவிருக்காடி? இது இன்னா கோயில் பொங்கலா?' என்று கத்தினேன். அவள் அந்த வீங்கின முகத்தோடு என்னைப் பார்த்து, 'நா மட்டும் நல்லாயிட்டு, அதுங்க மூஞ்சி அப்பிடியே இருக்கட்டுமா? ஒரே ஊர்ல எப்பிடி நர்சக்கா?' என்றாள். யார் யார் என்று பெயர் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் எல்லோரையும் நிலையத்துக்கு வரச் சொன்னேன். ஐந்து பேரை எதிர்பார்த்தேன், வாசல் கொள்ளவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். வயசுப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க வருஷம் முழுக்க வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறவள் நான், ஒருத்தி வந்ததில்லை. இப்போது முகத்தைக் காட்ட வந்து நிற்கிறார்கள். வந்தவளை விடுவேனா? கண்ணை இழுத்துப் பார்த்தேன், பாதிப் பேருக்கு ரத்தம் கம்மி. எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி அனுப்பினேன். வாழ வந்தவளிடம் கேட்டபோது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னாள். அவளுக்கே சந்தேகம்தான். பரிசோதித்தேன், உண்டாகியிருக்கிறாள். இந்த ஊரில் வயிறு தெரிவதற்கு முன் எந்தப் பெண்ணும் என்னிடம் பெயர் பதிந்ததில்லை, தம்பி. இவள்தான் முதல். பருவைக் காட்ட வந்து பதிந்தாள். உன் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு மூன்றுதான் விழுங்கியிருக்கிறாள். பயப்பட வேண்டுமா, உடனே எழுது.

டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும், அவரவர் பெயரில் மாத்திரை. கமலாவுக்கு இனிப் பங்கு போட வேலையில்லை. தினம் என் எதிரில் வந்து விழுங்குகிறாள். வெளியே வருகிறாள் என்பதைக் கவனித்தாயா?

அக்கா


டெல்லி
14.7.2006

அக்கா,

விடுதி அறையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எங்கள் பாடத்தில் மருந்து வேலை செய்யாததற்கு எத்தனையோ காரணம் இருக்கிறது. ஊருக்கே பங்கு கொடுத்ததால் என்று ஒரு வரி இல்லை. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'அந்தப் பெண் நர்ஸானால் நல்ல நர்ஸாவாள்' என்றார்.

உண்டானவள் பயப்பட வேண்டாம். இவ்வளவு ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாத்திரையால் கேடு வராது. நிறுத்தினது சரி. டாக்டரிடம் மட்டும் சொல்லி வை.

இப்போது கமலாவிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், நீதான் சொல்ல வேண்டும். பரு அடங்கும். கறுப்பு மெல்ல மெல்ல மங்கும். குழிகள் போகாது. இழுத்தால் மறைகிற குழிகளை ஊசியால் அடியில் அறுத்து மேலே எழுப்பலாம், பாதி நிரவும். ஆணிக் குழிகளுக்கு வேறு வேலை, பல மாதம் பிடிக்கும். எதையும் பரு முழுக்க அடங்கின பிறகுதான் தொட வேண்டும். கவுன்சிலிங்குக்கு முன்னால் முகம் பழையபடி ஆகிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முகம் சரியான பிறகு போகிறேன் என்று அவள் சொன்னால் இந்த வருஷ இடம் போய்விடும். இந்த முகத்தோடு போக வேண்டும். இங்கே காசு கொடுக்கிறவர்களிடம் எல்லா கிளினிக்கும் 'பூராவும் போயிடும்' என்றுதான் சொல்கிறது. நான் சொல்வதில்லை. அதனால் என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

டிசம்பரில் விடுப்பு. ஊசியோடு வருகிறேன். உன் வாசலில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் போதும்.

கலை


வெள்ளிமலை
29.8.2006

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். 'குழி போவாது. பாதிதான் தேறும். அதுவும் இப்ப இல்ல.' அழுவாள் என்று பார்த்தேன். தாடையை ஒருமுறை தடவிக்கொண்டாள். 'உங்க தம்பி அப்பிடியேவா எழுதியிருக்காரு?' என்றாள். ஆமாம் என்றேன். 'அப்ப பரு போவும்னு சொன்னதும் நெசந்தான்' என்றாள். அவள் கணக்கு அப்படி. மறுநாளே விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பினாள். ராசுவும் கூட வந்தார், என்னோடு பேசாமல்.

கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோக்காரன் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டி, 'தங்கச்சி, இந்தக் குழியெல்லாம் தூக்கிட்டு, கலரும் கொஞ்சம் ஏத்திடறேன். காசு ஒண்ணும் ஜாஸ்தி கெடையாது' என்றான். அவள் சொன்னதைக் கேள்: 'வேணாங்க. எங்க சாதி சர்ட்டிபிகேட்டுக்கே நீ அவதானான்னு எத்தினி வாட்டி கேட்டாங்க தெரியுமா? மூஞ்சிய வேற மாத்திக்கினு போயி நின்னா அப்பிடியே திருப்பி அனுப்பிடுவாங்க. இருக்கறத எடுத்துக் குடுங்க.' ராசு அந்தக் கடையில் முதல் முறையாக வாயைத் திறந்தார். 'அதான் சொல்லுதுல்ல, குடுய்யா' என்றார்.

போன வாரம் சென்னையில் கவுன்சிலிங். நானும் ராசுவும் கூடப் போனோம். பெரிய கட்டி எல்லாம் வற்றிவிட்டது. கறுப்பும் குழியும் அப்படியேதான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்: 'மூஞ்சில இன்னாம்மா அது?' நான் எழுந்தேன் சண்டைக்கு. கமலா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, 'பருங்க. வைத்தியம் ஓடிக்கினு இருக்குது. எங்க நர்சக்கா தம்பி டெல்லில தோல் டாக்டரு, அவருதான் பாக்கறாரு' என்றாள். ஹாலில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். நான் எங்கோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்காரர் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். சேலத்தில் இடம். அரசுக் கல்லூரி.

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் ராசு மூன்று பேருக்கும் பரோட்டா வாங்கினார். 'டாக்டரு மலைக்கு வந்தா எங்க வூட்லதான் சாப்புடணும், சொல்லிடுங்க நர்சம்மா' என்றார். கமலா சாப்பிட்டுக்கொண்டே, 'நர்சக்கா, படிச்சி முடிச்சிட்டு நான் தோல் வார்டு கேக்கலாமா?' என்றாள்.

'மொதல்ல பிரசவம் பாக்கக் கத்துக்க' என்றேன்.

'ரெண்டுந்தான் வேணும். முகத்தக் காட்ட வந்துதான அந்த வாழ வந்த பொண்ணு வயித்துல இருக்கறதயே சொன்னா?' என்றாள்.

அவள் சொன்னது சரி என்று உனக்கு எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அதனால் எழுதவில்லை.

உன் அக்கா
அம்சவள்ளி